வார்டுக்குள் தொலையும் தைராய்டு மாத்திரை

தைராய்டு குறைவுக்காக மருத்துவமனையில் படுப்பவர்கள் மிகக் குறைவு. இடுப்பெலும்பு முறிந்தோ, நெஞ்சுவலி வந்தோ, டெங்குக் காய்ச்சலிலோ, பிரசவத்துக்கோதான் வந்து சேர்கிறார்கள். அவர்களோடு அந்தக் குறைபாடும் வார்டுக்குள் வருகிறது. எலும்பு மருத்துவர் எலும்பைக் கவனிக்கிறார், இதய மருத்துவர் இதயத்தைக் கவனிக்கிறார். தைராய்டைக் கவனிப்பது யார் வேலை என்று கேட்டால் பெரும்பாலான வார்டுகளில் பதில் கிடைக்காது. இந்த நோயாளிகளின் உள்நோயாளிக் கவனிப்பைப் பற்றி மருத்துவ உலகம் இதுவரை அறிந்து வைத்திருப்பதைத் தொகுத்துப் பார்த்தால், புதிய மருந்துக்கோ விலையுயர்ந்த கருவிக்கோ காத்திருக்க வேண்டிய நிலை எங்கும் இல்லை. இந்தக் குறைபாட்டுக்கான மருந்தான தைராக்சினை 1927-லேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். இன்று சர்க்கரை நோய் மருந்துகள் பலவற்றைவிட அது மலிவு. குறை, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. 7.48 விழுக்காட்டினர் தங்களுக்கு அது இருப்பதை முன்பே அறிந்தவர்கள். 3.46 விழுக்காட்டினருக்கு அந்த ஆய்வில் ரத்தம் கொடுத்த பிறகே தெரிந்தது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் முப்பது படுக்கை கொண்ட ஒரு பொது வார்டில் சராசரியாக மூன்று பேர் இருப்பார்கள். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது கூடுதல் என்பதால் பெண்கள் மருத்துவ வார்டில் எண்ணிக்கை இன்னும் ஏறும். அந்த மூவரில் ஒருவருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கவும் கூடும்.

அதனால் உண்மையில் பாதகம் உண்டா? அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை வைத்து மேத்யூ எட்டில்சன், அன்டோனியோ பியாங்கோ உள்ளிட்டோர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-இன் அளவு மிக உயர்ந்திருந்தவர்கள், அதாவது மாத்திரை போதாமல் இருந்தவர்கள், தைராய்டு கோளாறு இல்லாதவர்களைவிடச் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகப் படுக்கையில் இருந்தார்கள். முப்பது நாளுக்குள் மீண்டும் வந்து சேரும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அளவு சரியாக இருந்த தைராய்டு நோயாளிகளிடம் இந்தப் பின்னடைவு தென்படவில்லை. இது பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு. மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர் மற்ற மருந்துகளையும் விட்டிருக்கலாம் என்பதால், காரணம் தைராய்டு மட்டும்தான் என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நோய் இருப்பதைக் காட்டிலும் நோய் சரிசெய்யப்படாமல் இருப்பதே ஆளைப் படுக்கையில் வைத்திருக்கிறது என்பதை இது சுட்டுகிறது.

ஒரு காலத்தில் இந்த நோய் மருத்துவமனைகளின் பெரிய கவலையாக இருந்தது. லண்டனில் வில்லியம் கல் 1873-ல் இதை விவரித்தபோது மருந்து கிடையாது. உடல் வீங்கி, குரல் தடித்து, புத்தி மந்தமாகி நோயாளிகள் மெல்ல இறந்துபோனார்கள். 1891-ல் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசியாகச் செலுத்தினார். அந்த அம்மையார் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். நோய் அப்போதே வார்டை விட்டுப் புறநோயாளிப் பிரிவுக்கு இடம் மாறத் தொடங்கிவிட்டது. இவ்வளவு எளிதாகக் கட்டுப்படும் நோய் என்பதாலேயே உள்நோயாளிக் கவனிப்பில் அதன் இடம் சுருங்கிப் போயிற்று.

முதல் சறுக்கல் சேர்க்கையின்போதே நடக்கிறது. "சுகர், பிரஷர் இருக்காம்மா?" என்று கேட்காத மருத்துவமனை தமிழ்நாட்டில் இல்லை. தைராய்டு அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் போடும் அந்தச் சின்ன மாத்திரையை மருந்தாகவே எண்ணாதவர்கள் நிறைய. மயக்கத்தில் கொண்டுவரப்பட்ட பாட்டியைப் பற்றி மகனிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரிந்திருக்கும், அவர் வீட்டில் இருப்பார். மாத்திரை டப்பாவும் அடுக்களை அலமாரியிலேயே இருக்கும். கேஸ் ஷீட்டில் ஏறாத மருந்து, மருந்து அட்டவணையிலும் ஏறாது.

அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின், அதாவது லெவோதைராக்சின், உடலில் மெதுவாகக் கரையும் மருந்து. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். இன்று நிறுத்தினால் ஒரு வாரம் கழித்தும் பாதி உடலில் இருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் பெரிய ஆபத்து இல்லை என்பது நோயாளிக்குக் கிடைத்த நற்பேறு. ஆனால் அதே தன்மைதான் மறதிக்கும் இடம் கொடுக்கிறது. இன்சுலின் ஒரு வேளை தவறினால் மாலைக்குள் சர்க்கரை ஏறி எல்லாரையும் எழுப்பிவிடும். தைராக்சின் தவறினால் மூன்றாம் நாளும் ஒன்றும் நடக்காது, பத்தாம் நாளும் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் நடக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் இருந்தவர் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுபட முடியாமல் திணறும்போது யாரோ ஒருவர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அதற்குள் நான்கு அரை ஆயுள்கள் கழிந்திருக்கும். சுவாசத் தசைகளின் பலவீனத்துக்குத் தைராய்டு குறைவும் ஒரு காரணம் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

வாயால் எதுவும் எடுக்க முடியாத நோயாளிக்கு ஐந்து நாளுக்கு மேல் மாத்திரை நிற்கும் என்றால், வாய்வழி அளவின் முக்கால் பங்கை ரத்தக்குழாய் வழியே கொடுக்கலாம் என்கின்றன வழிகாட்டுதல்கள். அந்த ஊசி மருந்து நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் வழியாக மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதுதான் வழக்கம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழாய் வழிச் சத்துக் கஞ்சி ஓடிக்கொண்டே இருக்கும்போது மருந்தை ஊற்றினால் கணிசமான பகுதி உணவோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போகும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் உணவை நிறுத்தி வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன நாளிலோ, ஒரு மடக்குத் தண்ணீரோடு காலையில் இந்த மாத்திரையைக் கொடுக்கத் தடையில்லை. ஆனால் 'எதுவும் கொடுக்காதே' என்ற அட்டை கட்டிலில் தொங்கினால் இதுவும் சேர்ந்தே நின்றுவிடுகிறது.

மாத்திரை அட்டவணையில் ஏறிவிட்டாலும் வேலை முடிவதில்லை. நம் மருத்துவர்கள் '1-0-0' என்று எழுதுவார்கள். காலையில் ஒன்று என்று அதற்குப் பொருள். வார்டில் காலை மாத்திரை என்றால் இட்லி சாப்பிட்டு முடித்த பின், எட்டு ஒன்பது மணி வாக்கில், மற்ற மாத்திரைகளோடு ஒரே கைப்பிடியாகக் கொடுப்பது. அந்தக் கைப்பிடியில் இரும்புச் சத்து மாத்திரை இருக்கும், எலும்பு முறிந்தவராக இருந்தால் கால்சியமும் இருக்கும், கூடவே கேஸ் மாத்திரை. இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அமில எதிர்ப்பு மருந்துகள் அது கரைவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் போட்டால்கூட இந்த மாத்திரையில் 60 முதல் 80 விழுக்காடுதான் ரத்தத்தில் சேர்கிறது. சாப்பாட்டோடு போட்டால் அது இன்னும் குறையும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போடச் சொல்கிறது. இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். வீட்டில் பத்து வருடமாக இதைச் சரியாகக் கடைப்பிடித்த ஒருவர், மருத்துவமனைக்குள் வந்ததும் பிளாஸ்க்கில் வந்த காபிக்குப் பின்னாலும் இட்லிக்குப் பின்னாலும் அதைப் போட வேண்டியதாகிறது. காபியும் தைராக்சின் சேர்வதைக் குறைக்கும் பொருள்தான்.

இதைத் திருத்த ஒரு பைசா செலவில்லை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் காலை ஐந்தரை ஆறு மணிக்கு எப்படியும் காய்ச்சலும் பிரஷரும் பார்க்க வருவார். அந்தச் சுற்றிலேயே தைராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடலாம். அது முடியாத இடத்தில் படுக்கும் நேரத்துக்கு மாற்றலாம். நெதர்லாந்தில் நீன்கே போல்க் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், காலையில் போட்டதைவிட இரவில் போட்டபோது டி.எஸ்.எச். குறைந்து, தைராக்சின் அளவு உயர்ந்தது. வார்டின் நேர அட்டவணைக்கு இரவு நேரமே கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடுகிறது, பதினொன்றுக்கு ஒரு மாத்திரைச் சுற்று ஏற்கனவே இருக்கிறது. தூங்கும் வயோதிகரை எழுப்ப வேண்டியிருக்கும் என்பது மட்டுமே இதற்கு எதிராகச் சொல்லக் கூடியது.

அளவை எழுதும் முறையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வருவது. சிலர் அதை மில்லிகிராமில் எழுதுகிறார்கள். 0.025 மி.கி. என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு சுழி விடுபட்டால் 0.25 மி.கி. ஆகிவிடும், பத்து மடங்கு. இதய நோயுள்ள எழுபது வயதுக்காரருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட பிழை. அவருக்குத் தொடக்க அளவே 12.5 முதல் 25 மைக்ரோகிராம்தான். 'மைக்ரோகிராம்' என்று சுருக்காமல் முழுதாக எழுதுவதை மருத்துவமனை கட்டாயமாக்க வேண்டும்.

மாத்திரை போய்ச் சேராததற்கு நேரெதிரான தவறும் ஒன்று உண்டு. அது பரிசோதனையில் நடக்கிறது. சேர்ந்த அன்றே எடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் தைராய்டையும் சேர்த்து விடுகிறார்கள். கடும் நோயில் இருக்கும் உடல் தன் தைராய்டு அளவுகளை மாற்றிக்கொள்ளும். தைராய்டு ஹார்மோன்களில் முதலில் டி3 இறங்கும், நோய் முற்றினால் டி4-உம் இறங்கும், டி.எஸ்.எச். தாழ்வாகவோ சாதாரணமாகவோ நிற்கும். குணமாகி வரும் நாட்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக உயர்ந்து 20 வரைகூடப் போகும். சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடக்கும். டோபமின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் டி.எஸ்.எச்.-ஐத் தாழ்த்தி உண்மையான குறைவையும் மறைத்துவிடக் கூடும். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுபவர்களிடம் சில பரிசோதனை முறைகள் முற்றிலும் தவறான எண்களைக் காட்டும். ஆகவே சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு தைராய்டு பரிசோதனை செய்யாதீர்கள் என்பதே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் நெடுநாள் அறிவுரை. குணமாகி வீட்டுக்குப் போய் ஆறு வாரம் கழித்துச் செய்யலாம்.

நிமோனியாவில் இருந்து தேறி வரும் ஒருவருக்கு டி.எஸ்.எச். 12 என்று அறிக்கை வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 50 மைக்ரோகிராம் எழுதி அனுப்புகிறார்கள். மறு பரிசோதனை எப்போது என்று எழுதுவதில்லை. அவர் அந்த மாத்திரையை ஆயுள் முழுக்கப் போடுகிறார். இப்படிப்பட்ட லேசான உயர்வுக்கு மருந்து கொடுப்பதால் பலன் உண்டா என்பதையும் பெரிய ஆய்வுகள் சோதித்திருக்கின்றன. 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான குறைவுக்கு தைராக்சின் கொடுத்ததால் சோர்வோ மற்ற தொந்தரவுகளோ குறையவில்லை. மாரடைப்புக்குப் பின் லேசான குறைவு கண்டவர்களுக்கு இங்கிலாந்தில் கொடுத்துப் பார்த்ததில், இதயத்தின் இறைப்புத் திறன் கூடவில்லை என்று 2020-ல் அறிவித்தார்கள். உண்மையாகவே மாத்திரை தேவைப்படுபவருக்கு அது போய்ச் சேராமலும், தேவைப்படாதவருக்குப் புதிதாக ஒட்டிக்கொண்டும் ஒரே மருத்துவமனையில் நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சந்தேகிக்கக் காரணம் இருக்கும் இடத்தில் தயங்கவும் கூடாது. கழுத்தில் பழைய அறுவைத் தழும்பு, மெதுவான நாடி, காரணம் தெரியாத சோடியம் குறைவு, இதயத்தைச் சுற்றி நீர், மயக்க மருந்து தெளியத் தாமதம், மலம் அசையாமல் வயிறு உப்பிக் கிடப்பது ஆகியவை எல்லாம் பரிசோதனைக்குப் போதிய காரணங்கள். அமியோடரோன், லித்தியம் எடுப்பவர்களையும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்காக எத்தியோனமைடு எடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மருந்துகளே தைராய்டு குறைவை உண்டாக்கும். சாதாரணக் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேறு வழியில் வேலை செய்கிறது. ஏற்கனவே போடும் தைராக்சினை உடல் வேகமாகச் செலவழிக்கச் செய்துவிடும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மனநல வார்டுக்கும் இது பொருந்தும். மனநோய் என்று அடைத்து வைக்கப்பட்டவர்களில் சிலருக்கு இருந்தது தைராய்டு குறைவுதான் என்று லண்டனில் ரிச்சர்ட் ஆஷர் 14 நோயாளிகளைக் கொண்டு 1949-லேயே காட்டினார்.

எல்லாவற்றிலும் கொடியது மிக்ஸடீமா கோமா. நெடுநாள் கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவு, ஒரு தொற்றோ தூக்க மாத்திரையோ அறுவையோ தள்ளிவிட, நினைவு மங்கி உடல் குளிர்ந்து மூச்சு தளரும் நிலை இது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் 1999 முதல் 2006 வரை வந்த 23 பேரைப் பற்றிய ஆய்வில் பாதிக்கும் சற்று அதிகமானோர் இறந்தார்கள். பத்தில் நால்வருக்குத் தைராய்டு குறைவு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அதே ஆய்வு ஊசி கிடைக்காத மருத்துவமனைகளுக்கு ஒரு நம்பிக்கையையும் தந்தது. குழாய் வழியே பெரிய அளவில் கொடுத்த மாத்திரையும் ஊசிக்கு நிகரான பலனையே கொடுத்தது. ஊசி இல்லை என்று மேல் மருத்துவமனைக்கு அனுப்பிக் காலம் கடத்துவதைவிட, தாலுகா மருத்துவமனையிலேயே முதல் அளவை குழாயில் ஊற்றிவிட்டு ஆம்புலன்ஸ் ஏற்றலாம்.

ஆனால் அதற்கு முன் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டாக வேண்டும். அட்ரீனல் சுரப்பியும் தளர்ந்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. தளர்ந்திருந்து தைராக்சின் மட்டும் கொடுத்தால், மிச்சமிருக்கும் கார்ட்டிசாலையும் உடல் செலவழித்து நோயாளி சரிந்துவிடுவார். வெப்பமானி விஷயத்திலும் கவனம் வேண்டும். வழக்கமான காய்ச்சல் கருவிகள் பலவற்றில் அளவு 35 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவை காட்டுவதில்லை. தொற்று இருந்தும் காய்ச்சல் ஏறாமல் '98.4, நார்மல்' என்று எழுதப்படும் எண்ணும் இந்த நோயாளியிடம் நம்பத் தக்கதல்ல. தைராய்டு மிகக் குறைந்திருக்கும் உடலில் மார்பின், தூக்க மருந்து எல்லாம் மெதுவாகவே கழியும் என்பதால், வழக்கமான அளவே மூச்சை அடக்கிவிடக் கூடும்.

கிராமப்புறத்தில் இருந்து வரும் பெண்களிடம் மருத்துவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. கடைசிப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா, குழந்தைக்குப் பால் சுரந்ததா, அதன் பிறகு மாதவிலக்கு வந்ததா? பேறுகாலப் பெருக்கில் பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் இல்லாமல் செத்துப்போவது ஷீஹான் நோய். பத்து, பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண் வாந்தியோடும் சோடியம் குறைவோடும் சர்க்கரை இறங்கியும் அவசரப் பிரிவுக்கு வருவார். டி.எஸ்.எச். எடுத்தால் சாதாரணமாக இருக்கும், ஏனென்றால் அதைச் சுரக்க வேண்டிய பிட்யூட்டரியே பழுதாகிவிட்டது. டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு 'தைராய்டு நார்மல்' என்று எழுதினால் அவரது நோய் கண்ணில் படாமல் தப்பிவிடும். டி4-உம் கார்ட்டிசாலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேயும் ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. பல வருடம் வீட்டில் சோம்பேறி என்று பேச்சு வாங்கிய பெண் ஒருவர், மூன்று கேள்விகளைக் கேட்ட மருத்துவர் கிடைத்ததால் எழுந்து நடமாடத் தொடங்குவார். இந்த மூன்று கேள்விகளையும் மருத்துவ மாணவர்கள் சேர்க்கைக் குறிப்பு எழுதக் கற்கும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மகப்பேறு வார்டில் சிக்கல் வேறு மாதிரி. கர்ப்பத்தில் தைராக்சின் தேவை 25 முதல் 50 விழுக்காடு கூடும், அதற்கேற்ப அளவை ஏற்றியிருப்பார்கள். பிரசவம் முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்க வேண்டும். தாயும் சேயும் நலம் என்று மூன்றாம் நாள் அனுப்பும் சீட்டில் இந்த ஒரு வரி பெரும்பாலும் விடுபடுகிறது. அளவு மிகுந்து வரும் படபடப்பு, தூக்கமின்மை, எடை இறக்கம் எல்லாம் பிள்ளை பெற்ற உடம்பு என்று போய்விடும். அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, லேசான, நடுத்தரக் குறைவுக்காக அவசர அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுமையான குறைவு என்றால் தள்ளிப்போடக் கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவதே சரி. வார்ஃபரின் எடுப்பவருக்கு தைராக்சினைத் தொடங்கினாலோ கூட்டினாலோ ரத்தம் உறையும் தன்மையை அடிக்கடி பார்க்க வேண்டும், வார்ஃபரின் அளவு குறைக்க வேண்டி வரும்.

இவ்வளவையும் யார் பார்ப்பது? தைராய்டு நிபுணர் எல்லா ஊரிலும் இல்லை, இருக்கும் இடத்திலும் ஒவ்வொரு வார்டுக்கும் அவரால் வர முடியாது. சேர்ந்து ஒரு நாளுக்குள் நோயாளியின் வீட்டு மருந்துகளையும் வார்டு அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மருந்தாளுநரின் வேலையாக உலகின் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. இந்தியாவில் 2008 முதல் பார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பு நடக்கிறது, அதில் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. அந்த மாணவர்கள் இருக்கும் மருத்துவமனைகளில் இந்த ஒப்பீட்டை அவர்களிடமே ஒப்படைக்கலாம். அவர்கள் இல்லாத அரசு மருத்துவமனையில் பொறுப்புச் செவிலியரிடம் கொடுக்கலாம், ஆனால் அறுபது நோயாளிக்கு இரண்டு செவிலியர் இருக்கும் வார்டில் இதையும் தலையில் கட்டுவது நியாயமில்லை. சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் தைராய்டு என்று ஒரு கட்டத்தை அச்சடிப்பதும், நோயாளியின் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரும்படி கூட இருப்பவரிடம் சொல்வதும் யாருக்கும் பாரமில்லை.

முன்னேற்றத்தை அளக்கவும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு மாதத்துக் கேஸ் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு, தைராக்சின் எடுப்பவர்களில் எத்தனை பேருக்குச் சேர்ந்த மறுநாளுக்குள் அட்டவணையில் மாத்திரை ஏறியது, எத்தனை பேருக்கு உணவுக்கு முந்தைய நேரம் குறிக்கப்பட்டது, ஐந்து நாளுக்கு மேல் நின்றுபோனவர் எவர் என்று எண்ணலாம். டிஸ்சார்ஜ் சீட்டுகளில் மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா, அளவை மாற்றியிருந்தால் காரணம் இருக்கிறதா, ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். எடுக்க வேண்டிய தேதியும், அதைப் பார்க்கப் போவது இந்த மருத்துவமனையா ஊர் ஆரம்ப சுகாதார நிலையமா என்பதும் இருக்கிறதா என்று பார்க்கலாம். நேரத்தை மாற்றிய பின் அதே கணக்கை அடுத்த காலாண்டில் மறுபடி எடுக்கலாம்.